புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் திடீரென அணைகிறதா?



2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை பில் புத்தகமும் பேரேடும் போதும் என்றிருந்த நம்மில் பலர் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அந்தப் பழைய பெட்டிகளை மாற்றும் காலம் இப்போது வந்துவிட்டது. மாற்றும்போது வீட்டுப் பிள்ளைகள் ஒரு யோசனை சொல்கிறார்கள்: "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் கேம் ஆடுகிற மாதிரி அசெம்பிள் செய்துவிடலாம். பகலில் கடைக்கு, ராத்திரியில் எங்களுக்கு." நாமும் சரி என்கிறோம். உதிரிப் பாகங்கள் வந்து சேர்கின்றன. பையனும் அவன் நண்பனும் உட்கார்ந்து மாட்டுகிறார்கள். விளக்கெல்லாம் எரிகிறது. ஒரு வாரம் கழித்து, பில் போட்டுக்கொண்டிருக்கும்போதோ விளையாடிக்கொண்டிருக்கும்போதோ எந்த அறிவிப்பும் இல்லாமல் பெட்டி அணைந்துவிடுகிறது.

வெள்ளகோவிலில் எங்கள் மொத்தக் கடையிலும் இது நடந்தது. அதில் நாம் செய்த தவறுகள் உட்பட, காரணம் கண்டுபிடிக்கும் முறையை வரிசையாக இங்கே எழுதுகிறோம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காக எழுதியதல்ல இது. மெக்கானிக்கை அழைப்பதற்கு முன்பு கடைக்காரர் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவற்றை மட்டுமே சொல்கிறோம்.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

அணைகிற பெட்டியில் முதல் நஷ்டம் உதிரிப் பாகம் அல்ல, கணக்குதான். கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அன்றைய பதிவுகள் போகலாம், மொத்தக் கோப்புமே கெடலாம். மாதந்தோறும் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று கணக்குக் கொடுக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பெட்டி ஒரு முறை அணைந்த அன்றே இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள். ஒரு நாள் ஒன்றில், மறுநாள் மற்றொன்றில் நகல் எடுங்கள். ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்கட்டும். இதைச் செய்த பிறகே மற்ற வேலை.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

சரக்கு இருப்பில் இரண்டு மூட்டை குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? வரவைப் பார்க்கிறோம், செலவைப் பார்க்கிறோம், எந்த நாளுக்கும் எந்த நாளுக்கும் இடையில் குறைந்தது என்று சுருக்கிக்கொண்டே வருகிறோம். எடுத்த எடுப்பில் யாரையும் குற்றம் சொல்வதில்லை. கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். ஒவ்வொரு முறை அணையும்போதும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. மணி என்ன? போட்டு எவ்வளவு நேரத்தில் அணைந்தது?
2. அப்போது என்ன வேலை நடந்தது? பில்லா, அச்சா, விளையாட்டா, சும்மா இருந்ததா?
3. திரையும் சேர்ந்து இருண்டதா, அல்லது திரையின் விளக்கு எரிந்துகொண்டே 'நோ சிக்னல்' என்று காட்டியதா?
4. தானாக மறுபடி ஓடத் தொடங்கியதா, பொத்தானை அமுக்கிய பிறகா, அல்லது சுவர் சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகுதான் வந்ததா?
5. அந்த நேரத்தில் விளக்கு மங்கியதா, மின்சாரம் வந்து போனதா, யு.பி.எஸ். கத்தியதா?

இந்த ஐந்தும் பத்து நாளைக்கு இருந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். இவற்றில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். திரையும் பெட்டியும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இருந்து, இரண்டும் ஒரே நொடியில் இருண்டால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. திரை எரிந்துகொண்டிருக்க, பெட்டி மட்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. பிள்ளைகள் அதைத் திறந்து "கெர்னல்-பவர் 41 என்று போட்டிருக்கிறது, பவர்தான் கோளாறு" என்பார்கள். அந்த 41-க்கு அர்த்தம், போன முறை இயந்திரம் முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே. ஏன் நின்றது என்பதை அது சொல்லவில்லை. அதை நம்பி எதையும் வாங்கிவிடக் கூடாது.

வெளியே பார்க்க வேண்டியவை

பிளக் பாயிண்டில் தொடங்குங்கள். பிளக் தளர்வாக ஆடுகிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கறுத்த தடம் இருக்கிறதா, அதே பாக்ஸில் மிக்சியோ மாவு இயந்திரமோ ஓடுகிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் கணக்கு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மாலை நேரத்தில் எவ்வளவு வருகிறது என்றும், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓட்டுவது பெட்டிக்கும் நல்லதல்ல, தொடுகிறவருக்கும் நல்லதல்ல.

அடுத்தது யு.பி.எஸ். 2012-இல் நம் பகுதியில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்தபோது வாங்கிய பழக்கம், எதையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிடுவது. கடைகளில் பெரும்பாலும் இருப்பது 600 வி.ஏ. யு.பி.எஸ். இந்த 600 என்பது வாட் அல்ல. இந்த ரகத்தில் சாதாரணமாக 0.6-ஆல் பெருக்க வேண்டும். அப்படியானால் 360 வாட்தான். பழைய பில் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். விளையாட்டுக்கென்று அசெம்பிள் செய்த பெட்டிக்குப் போதாது.

லேசர் பிரிண்டரை எக்காரணம் கொண்டும் யு.பி.எஸ்.ஸின் பேட்டரிப் பக்கம் மாட்டாதீர்கள். தாளில் மையை உருக்கி ஒட்டும் உருளை சூடேறும் சமயத்தில் அது பல நூறு வாட் இழுக்கும். அதைச் சுவரில் தனிப் பாயிண்டில் மாட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். தரமான புது எஸ்.எம்.பி.எஸ். பலவற்றில் 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' என்ற ஏற்பாடு இருக்கிறது. மலிவு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது கொடுக்கும் படிக்கட்டு போன்ற மின்னலையை அவற்றில் சில ஏற்பதில்லை. மின்சாரம் போன நொடியில் யு.பி.எஸ். ஓடுகிறது, ஆனால் பெட்டி அணைகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். அதற்கு 'சைன் வேவ்' யு.பி.எஸ். தேவைப்படும்.

இதற்கெல்லாம் ஒரு எளிய சோதனை உண்டு. கணக்கு மென்பொருளை மூடிவிட்டு, நகல் எடுத்துவிட்டு, பெட்டியை யு.பி.எஸ். இல்லாமல் நேராகச் சுவர்ப் பாயிண்டில் மாட்டி, எப்போது அணையுமோ அதே வேலையை இரண்டு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். அணையவில்லை என்றால் பெட்டியைத் திறக்கும் அவசியமே இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.: சாக்கோடு எடையா, சரக்கு எடையா?

சுவர் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்ற சிறு வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேண்டியது 12 வோல்ட் வழியில்தான் வருகிறது. ஆகவே அட்டையில் பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்க்காமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். மேலே '500 வாட்' என்று போட்டு, உள்ளே 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர் என்றிருந்தால், உங்களுக்கு உண்மையில் உதவுவது 300 வாட்தான். சாக்கோடு எடை போட்டுச் சரக்கு எடை என்று விற்பது நமக்குத் தெரியாத வித்தை அல்லவே.

தேவையையும் கணக்குப் போடுங்கள். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் இழுப்பது. அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 3080 கார்டு 320 வாட், அதற்கு 750 வாட். பிராசஸர் அட்டையில் 65 வாட் என்றிருந்தாலும் கடும் வேலையில் 100 வாட்டைத் தாண்டுவது உண்டு.

கூட்டிப் பார்த்தால் தேவைக்கு மேல் இருக்கிறதே, ஏன் இவ்வளவு அதிகம் கேட்கிறார்கள்? இதற்கு எண்ணெய் மில் வைத்திருப்பவர்கள் பதில் சொல்வார்கள். செக்கு மோட்டாரை நேரடியாகப் போட்டால், கிளம்பும் நேரத்தில் அது ஓட்டத்தில் இழுப்பதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறோம். கிராபிக்ஸ் கார்டும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் கணக்கைத் தாண்டி எட்டிப் பிடிக்கும். தாங்காத எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அறுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற தர விதியில், இந்தக் கண நேர எழுச்சியைத் தாங்க வேண்டும் என்பதே தனியாகச் சேர்க்கப்பட்டது.

அடையாளம் இதுதான்: பில் வேலையில் நாள் முழுதும் ஓடும், விளையாட்டில் கனமான காட்சி வந்த நொடியில் பட்டென்று நிற்கும். பல சமயம் பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் மறுபடி வரும். அப்படி இருந்தால், நண்பர் வீட்டிலிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு வாங்குங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளைப் புதியதில் மாட்டக் கூடாது. முனை ஒன்று போல் இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறலாம், பாகங்கள் எரிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

சூடு

போட்ட சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அணைந்தால், மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணைந்தால், சூடு காரணமாக இருக்கலாம். இப்போதைய பிராசஸர்கள் 95, 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால்தான் அறுத்துக்கொள்ளும். ஆகவே புதுப் பெட்டி சூட்டால் அணைகிறது என்றால், மாட்டியதில் பெரிய தவறு இருக்கிறது என்று பொருள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள். தெர்மல் பேஸ்ட் தடவ மறந்திருப்பார்கள். நான்கு மூலையில் ஒரு மூலை சரியாக அமுங்கியிருக்காது. காற்றாடியின் வயர் மாட்டாமல் தொங்கும். பயாஸ் திரையில் பிராசஸர் எத்தனை டிகிரி என்று காட்டும். அங்கே சும்மா இருக்கும்போதே 80, 90 என்று ஏறிக்கொண்டு போனால் உடனே அணைத்துவிட்டுக் கூலரைப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் கடைக்குள் 38 டிகிரி என்றால், பெட்டிக்குள் போவதே சுடுகாற்றுதான். அதோடு மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த் தூளும், தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் பஞ்சும் பறக்கின்றன. தேங்காய்ப் பருப்புக் கிடங்கில் தூசியில் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து சல்லடையில் அப்பிக்கொள்ளும். பெட்டியைக் கல்லா மேசைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், நான்கு பக்கமும் காற்று போகும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை அணைத்து, பிளக்கை உருவி, மெல்லிய பிரஷ்ஷால் சல்லடையைத் துடையுங்கள். காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும்.

மாட்டியதில் உள்ள குறைகள்

எந்த வேலையும் இல்லாதபோதும், மேசையைத் தட்டினாலும் அணைகிறது என்றால் இணைப்புகளைச் சந்தேகிக்கலாம். மதர்போர்டின் 24 முனை இணைப்பு, பிராசஸருக்கான 8 முனை இணைப்பு, கிராபிக்ஸ் கார்டின் இணைப்பு மூன்றும் 'கிளிக்' என்று பூட்டும் வரை அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேபினட்டில் மதர்போர்டுக்கு அடியில் நிற்கும் பித்தளைக் குமிழ்கள் தேவையில்லாத இடத்தில் இருந்தாலும், ஒரு திருகாணி உள்ளே விழுந்து கிடந்தாலும் போர்டு ஷார்ட் ஆகும். முன்பக்கப் பொத்தான் அமுங்கியபடி சிக்கிக்கொண்டாலும் பெட்டி நான்கைந்து நொடியில் தானே அணையும்.

ரேம் கோளாறு பெரும்பாலும் முழுதாக அணைப்பதில்லை. நீலத் திரை காட்டும், அல்லது தானாக மறுபடி தொடங்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு நாள், மற்றதை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். பிள்ளைகள் வேகம் கூட்டப் பயாஸில் ஏதேனும் மாற்றியிருந்தால், எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர்களில் சில, தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் எடுத்து நாளடைவில் பழுதாகின்றன என்று 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. பெட்டியில் அடைத்து விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. விளையாட்டுகள் பாதியில் முறிவதுதான் அதன் முக்கிய அடையாளம். ஏற்கெனவே பழுதான பிராசஸரைத் திருத்தம் குணமாக்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பெட்டி அடிக்கடி அணையும் நிலையில் பயாஸ் மாற்றம் செய்யாதீர்கள். பாதியில் மின்சாரம் அறுந்தால் மதர்போர்டே கிளம்பாமல் போகலாம். முதலில் மின்சாரக் கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கடையில் நடந்தது

இனி நம் அனுபவம். பையன் அசெம்பிள் செய்த பெட்டி பகலில் இரண்டு முறை, இரவில் நான்கு முறை என்று அணைந்தது. பகலில் பில் போடுகிற தம்பி, பத்தொன்பது வயதுப் பையன், காலை நீட்டி உட்காரும் வழக்கம் உள்ளவன். சுவிட்சில் கால் படுகிறது என்று நாம் முடிவு கட்டினோம். லோடு ஏறி நின்ற லாரிக்குப் பில் போடும்போது ஒருநாள் அணைந்தது. வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். "சுவிட்ச் பக்கமே கால் போகலீங்க ஐயா. ஸ்கிரீனும் சேர்ந்தே இருட்டாயிடுதுங்க" என்றான். நாம் காதில் வாங்கவில்லை.

இரவில் அணைவதற்கு வேறு காரணம் என்று பையன் சொன்னதைக் கேட்டு நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கினோம். மறுநாளும் அணைந்தது. அதன் பிறகுதான் நோட்டுப் புத்தகம் போட்டோம். எழுதும் வேலையைத் தம்பியிடமே கொடுத்தோம். எட்டு நாளில் படித்துப் பார்த்தபோது, பகலில் அணைந்த ஒவ்வொரு முறையும் 'பிரிண்டர் சத்தம் வந்தது' என்று எழுதியிருந்தான். இரவில் அணைந்தவை எல்லாம் விளையாட்டின்போது. எல்லா வரியிலும் 'ஸ்கிரீனும் அணைந்தது, யு.பி.எஸ். கத்தியது' என்று இருந்தது.

பகல் கோளாறும் இரவுக் கோளாறும் ஒன்றேதான். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் பெட்டி, திரை, லேசர் பிரிண்டர் மூன்றும் தொங்கின. பகலில் பிரிண்டர் உருளை சூடேறும்போதும், இரவில் கிராபிக்ஸ் கார்டு எட்டிப் பிடிக்கும்போதும் பாரம் தாங்காமல் யு.பி.எஸ். அறுத்துக்கொண்டது. பெட்டியை நேராகச் சுவரில் மாட்டி இரண்டு மணி நேரம் ஆடவிட்டோம், அணையவில்லை. பிரிண்டரைத் தனிப் பாயிண்டுக்கு மாற்றி, 1100 வி.ஏ. (660 வாட்) யு.பி.எஸ். ஒன்று போட்டோம். அதன் பிறகு அணையவில்லை. முதல் நாளே தம்பி சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் எஸ்.எம்.பி.எஸ். செலவு மிச்சம். பலர் முன்னால் கடிந்ததற்கு, பலர் முன்னால்தான் அவனிடம் தவறு நம்முடையது என்று சொன்னோம்.

சுருக்கமாக

1. நகல் எடுங்கள், பிறகு சோதியுங்கள்.
2. அணையும் நேரத்தையும் வேலையையும் எழுதி வையுங்கள். திரையும் அணைந்ததா என்று பாருங்கள்.
3. சுவர், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ்., சூடு, இணைப்பு, ரேம் என்று வெளியிலிருந்து உள்ளே போங்கள்.
4. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.
5. இரவல் பாகம் வைத்து உறுதியாகும் வரை எதையும் விலைக்கு வாங்காதீர்கள்.
6. அசெம்பிள் செய்த பெட்டிக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. எல்லாப் பில்லையும் அட்டைப் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள்.
7. இயந்திரத்தின் அருகில் நாள் முழுதும் இருப்பவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.